அரிட்டாபட்டிக் குன்றுகளில் குப்பை அள்ளலும் கணக்கெழுதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தின் முதல் ஞாயிறு விடியற்காலையில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டிக் குன்றடியில் நாங்கள் சிலர் கூடுகிறோம். பாறையிலும் சுனையோரத்திலும் கண்மாய்க் கரையிலும் கிடக்கும் குப்பையை எடுக்கிறோம். எடுத்ததை எண்ணி எழுதுகிறோம். வர விரும்புகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதி வைத்திருக்கிறேன். நேரில் வரும் முன் ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டால் உங்களுக்கும் நல்லது, மலைக்கும் நல்லது.

நீங்கள் யார்? சங்கமா, அறக்கட்டளையா?

இரண்டும் இல்லை. மதுரையிலிருந்து வரும் சிலர், மேலூரிலிருந்து வரும் சிலர், உள்ளூர் இளைஞர்கள் சிலர். ஆசிரியர், லேத் பட்டறைக்காரர், நர்ஸ், கல்லூரி மாணவர்கள் என்று கலவையான கூட்டம். நன்கொடை வாங்குவதில்லை. உறுப்பினர் அட்டை கிடையாது. ஒரு நோட்டு இருக்கிறது, அதில் அன்றைக்கு வந்தவர்களின் பெயரை எழுதுவோம். அவ்வளவுதான் எங்கள் அமைப்பு.

மதுரையைச் சுற்றி எத்தனையோ மலை இருக்கும்போது அரிட்டாபட்டி எதற்கு?

உண்மைதான். யானைமலை, நாகமலை, சமணர்மலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் இங்கே பாறைதான். அரிட்டாபட்டியில் எல்லாமே ஒரே இடத்தில் நெருங்கி இருக்கின்றன. ஏழு குன்றுகள், 72 ஏரி குளங்கள், 200 இயற்கைச் சுனைகள், 3 தடுப்பணைகள் என்று அரசு அறிவிப்பே கணக்குச் சொல்கிறது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டியையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து ஏறக்குறைய 193 ஹெக்டேரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 250 வகைப் பறவைகள், தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

மனிதர் கை பட்ட இடங்களும் இதே பாறைகளில்தான் இருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு, சமணத் துறவிகள் படுக்கப் பாறையில் வெட்டிய படுகை, தீர்த்தங்கரர் சிற்பம், இடைச்சி மண்டபம் என்று ஊர் மக்கள் சொல்லும் பாண்டியர் காலச் சிவன் குடைவரை. ஆட்டுக்காரர் ஒருவர் காலையில் நடந்து போகிற வழியில் இவ்வளவும் வந்துவிடும். அப்படிப்பட்ட வழியில் உடைந்த பாட்டில் கிடக்கிறது என்றால் மனசு கேட்கவில்லை. அதுதான் காரணம்.

குப்பை எடுத்தால் போதாதா? கணக்கு எழுதுவது எதற்கு?

எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான். இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் தடவை நாங்கள் வெறுமனே குப்பைதான் எடுத்தோம். சாக்குச் சாக்காக நிறைந்தது. கட்டி வண்டியில் ஏற்றினோம், படம் எடுத்துக்கொண்டோம், சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம். அடுத்த மாதம் வந்து பார்த்தால் அதே பாறையில் அதே அளவு கிடந்தது. அப்போது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "ஏப்பா, நீங்க பொறக்கிட்டுப் போறீங்க, அவய்ங்க திரும்பப் போடுறாய்ங்க. யாரு போடுறா, எப்பப் போடுறான்னு பாத்தீங்களா?" நாங்கள் பார்க்கவில்லை. எங்களிடம் பதிலே இல்லை.

அடுத்த மாதத்திலிருந்து எண்ண ஆரம்பித்தோம். எண்ணியதும் தெரிந்தது, குப்பை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. வண்டி நிறுத்தும் இடத்தில் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும். படிக்கட்டு ஏறும் வழியில் சாஷே உறைகளும் மூடிகளும். பாதையிலிருந்து விலகி நிழல் விழும் ஒரு பாறை இடுக்கில் மட்டும் மது பாட்டில், பிளாஸ்டிக் தம்ளர், ஊறுகாய்ப் பொட்டலம். ஆக, சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் போடுவது ஒரு வகை, இரவில் உட்கார வருகிறவர்கள் போடுவது வேறு வகை. முதல் வகைக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பெரிய கூடையும், "கொண்டு வந்ததைத் திரும்பக் கொண்டு போங்கள்" என்று ஒரு பலகையும் பலன் தந்தன. இரண்டாவது வகைக்குப் பலகை உதவாது. அந்த இடுக்கை மறைத்திருந்த சீமைக்கருவேலத்தை ஊர்க்காரர்கள் வெட்டிச் சாய்த்தார்கள். இடம் வெளிச்சமானது, பாட்டிலும் குறைந்தது. எண்ணாமல் இருந்திருந்தால் இன்னும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி குனிந்துகொண்டுதான் இருப்போம்.

இந்த யோசனை எங்களுடையது இல்லை. கடற்கரைக்காரர்களிடம் கற்றது. 1986இல் அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் தன்னார்வலர்கள் கூடிக் குப்பை அகற்றியபோதே, அள்ளிய ஒவ்வொன்றையும் வகை பிரித்து அட்டையில் குறித்தார்கள். அது வளர்ந்து இன்று ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்க நடக்கிறது. நம் கடற்கரைகளிலும் நடக்கிறது. எங்களில் ஒருவர் ராமேஸ்வரம் போகும் வழியில் இருக்கும் மண்டபம் ஊர்ப் பக்கம் அப்படி ஒரு துப்புரவுக்குப் போய் வந்து, அந்த அட்டையைப் பார்த்துத்தான் எங்கள் தாளைத் தயார் செய்தார். வலை, மிதவை என்றிருந்த இடங்களில் நாங்கள் கற்பூரப் பொட்டலம், எண்ணெய்ப் பாக்கெட், மது பாட்டில் என்று மாற்றிக்கொண்டோம்.

சரி, என்னென்ன எழுதுகிறீர்கள்?

நான்கு விஷயங்கள்.

முதலாவது குப்பைத் தாள். ஒருவர் எடுப்பார், ஒருவர் குறிப்பார். ஐந்து ஐந்தாகக் கோடு போட்டுக் கட்டுவது, சின்ன வயதில் கோலி விளையாட்டில் போடுவோமே, அதே மாதிரி. எந்த இடம் என்பதும் எழுத வேண்டும். அடிவாரம், படிக்கட்டு, சுனையோரம், மண்டபப் பக்கம், கண்மாய்க் கரை என்று ஐந்து பகுதிகள் வைத்திருக்கிறோம். பகுதியைக் குறிக்காத தாள் எங்களுக்குப் பயன்படாது.

இரண்டாவது படம். எங்கே நின்று எடுப்பது என்பதைப் பாறையில் அடையாளம் போடாமல் மரம், படி, கல்தூண் வைத்து நினைவில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் நின்று, அதே திசையில், போனைக் கிடையாகப் பிடித்து ஒரு படம். அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஆள் நிற்கக் கூடாது. இப்படி எடுத்த படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது கரை எங்கே அரித்திருக்கிறது, புதிதாக எங்கே வண்டித்தடம் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிகிறது. கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இவ்வளவு தெரியாது. மெதுவாக நடக்கிற மாற்றத்தைக் கண் பழகிவிடும்.

மூன்றாவது சுனையின் தண்ணீர் அளவு. சென்டிமீட்டர் கோடு போட்ட மூங்கில் கம்பு ஒன்று இருக்கிறது. சுனையின் ஓரத்தில் ஒரே இடத்தில் மெதுவாக ஊன்றி, நனைந்த அளவைப் படிக்க வேண்டும். மழை பெய்த கையோடு வந்தால் அதையும் குறிக்க வேண்டும்.

நான்காவது பறவை. தெரிந்தவர்கள் இ-பேர்டு செயலியில் பட்டியல் போடுகிறார்கள். தெரியாதவர்கள் கவலைப்பட வேண்டாம், பார்த்ததை விவரித்தாலே போதும். "நாரை மாதிரி, அலகு வளைஞ்சிருந்துச்சு, கறுப்புத் தலை" என்று ஒரு பையன் எழுதியிருந்தான். அரிவாள்மூக்கன் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அந்த வாரப் பட்டியலையும் சேர்த்துவிடுகிறோம்.

சுனைக்குள் இறங்கிச் சுத்தம் பண்ணலாமா? உள்ளே பிளாஸ்டிக் மிதக்கிறதே.

இறங்கக் கூடாது. ஆர்வம் எனக்குப் புரிகிறது. தெளிந்த தண்ணீரில் ஒரு பை மிதந்தால் யாருக்கும் கை பரபரக்கும்.

சுனை என்பது வெறும் குழியில் தேங்கிய நீர் இல்லை. பாறையின் வெடிப்பில் இறங்கிய மழை, மெல்லக் கசிந்து வருகிற இடம் அது. அடியில் படிந்திருக்கும் மெல்லிய சேற்றிலும் இலைமக்கிலும்தான் தட்டான் குஞ்சு வளர்கிறது, தவளை முட்டையிடுகிறது. பத்துப் பேர் இறங்கினால் ஒரு மணி நேரத்தில் அது கலங்கி, குஞ்செல்லாம் செத்துப்போகும். ஊரில் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள், அபிஷேகத்துக்கு எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். செருப்புக் காலோடு நாம் இறங்கினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்?

அதனால் கரையில் உட்கார்ந்து, நீளக் கம்பில் கட்டிய சின்ன வலையால் மிதப்பதை மட்டும் எடுக்கிறோம். அடியில் கிடப்பதை ஊர்க்காரர்களிடம் சொல்கிறோம். கோடையில் தண்ணீர் வற்றும்போது சுனை தூர்வார வேண்டுமா, எவ்வளவு ஆழம், யார் இறங்குவது என்பதெல்லாம் அவர்கள் முடிவு. தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். நாங்கள் கூடை தூக்கப் போவோம், அவ்வளவுதான். சுனையில் சோப்பு, ஷாம்பு போட்டுக் குளிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

எதையெல்லாம் எடுக்கக் கூடாது?

கோயிலிலோ பீடத்திலோ வைத்த பூ, துணி, மணி, வேல் எதையும் தொடக் கூடாது. பழசாகி மக்கிக் கிடந்தாலும் பூசாரியிடம் கேட்டுவிட்டுத்தான். பானையோடு, செதுக்கிய கல் கண்ணில் பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் படம் மட்டும் எடுங்கள். பாம்புச் சட்டை, இறகு, முட்டையோடு எல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

கல்வெட்டுக்குப் பக்கத்தில் பெயிண்டில் பெயர் எழுதியிருப்பதைப் பார்த்தால் கோபம் வரும். எங்களில் ஒருவர் ஒருமுறை கம்பி பிரஷ் எடுத்துத் தேய்க்கவே ஆரம்பித்துவிட்டார். நல்லவேளை, இரண்டு தேய்ப்பில் கையைப் பிடித்து நிறுத்தினோம். பெயிண்டை எடுக்கிறேன் என்று பாறையின் மேல்தோலையும் சேர்த்து எடுத்துவிட்டால், இரண்டாயிரம் ஆண்டு மழையைத் தாங்கிய எழுத்து ஒரு காலைப் பொழுதில் போய்விடும். ஆசிட், சுண்ணாம்பு, உப்புத்தாள் எதுவும் கூடாது. எழுத்து தெரியட்டும் என்று சாக்பீஸ் பூசுவதும் தப்பு. பெயிண்ட் கிறுக்கலைப் படம் எடுத்து, தேதி போட்டு, தொல்லியல் துறைக்கு எழுதுவது மட்டுமே நம் வேலை. அகற்றுவது அதற்கென்றே படித்தவர்கள் செய்ய வேண்டிய வேலை.

மலை உச்சிக்கு ஏன் எல்லா மாதமும் போவதில்லை?

வல்லூறுகளுக்காக. லகுடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளிக் கழுகு மூன்றும் இந்தப் பாறைகளில் இருப்பதாகத்தான் இந்த இடத்துக்கே பெருமை. ராசாளி செங்குத்துப் பாறையில் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டி, ஆண்டுக்கு ஆண்டு அதையே புதுப்பித்துக்கொள்ளும். வல்லூறுகள் கூடு கட்டாது. பாறைத் திட்டிலோ வேறு பறவை விட்டுப்போன பழைய கூட்டிலோ முட்டை வைக்கும். முட்டை வைத்திருக்கும் நேரத்தில் மேலே ஆள் நடமாடினால் தாய்ப் பறவை எழுந்து போய்விடும். வெயிலில் சிறிது நேரம் மூடாமல் கிடந்தாலே முட்டை வீணாகும்.

அதனால் மார்கழி தொடங்கிச் சித்திரை முடியும் வரை அடிவாரமும் கண்மாய்க் கரையும் மட்டும். மேல்பாறைக் குப்பையை ஆவணி, புரட்டாசியில் எடுக்கிறோம். அந்த மாதங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் பாறை மேல் கிடப்பதெல்லாம் ஒரே இரவில் வழிந்து சுனைக்கும் கண்மாய்க்கும் வந்துவிடும். அதற்கு முன்னால் எடுத்தால் எடுத்ததுதான். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பை தொட்டாலே நொறுங்கிப் பொடியாகும். பொடியானதைப் பாறை இடுக்கிலிருந்து யாராலும் எடுக்க முடியாது.

ட்ரோன் கொண்டு வராதீர்கள். கழுகுக் கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் போடாதீர்கள். இந்த இரண்டிலும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தல் கிடையாது.

கண்மாய்க் கரையில் என்ன வேலை?

மீன்பிடித் திருவிழா முடிந்த கண்மாயைப் பார்த்திருக்கிறீர்களா? கோடையில் தண்ணீர் வற்றியதும் சுற்றுவட்டார ஊர்களெல்லாம் ஊத்தாக் கூடையும் கச்சா வலையும் தூக்கிக்கொண்டு மீன் பிடிக்க இறங்கும். மேலூர் பக்கத்தின் அருமையான வழக்கம் அது, எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இப்போது நைலான் வலைத் துண்டும் தூண்டில் நரம்பும் கரையிலும் கருவேலங் கிளையிலும் சிக்கி நிற்கின்றன. ஊத்தா மூங்கில், மக்கிப்போகும். நைலான் மக்காது. நத்தைகுத்தி நாரையின் கால் ஒன்று அதில் சுற்றிக்கொண்டு இறுகியிருந்ததை நாங்களே பார்த்தோம். நீர்க்கோழி, தண்ணீர்ப் பாம்பு, ஆமை எல்லாம் மாட்டும்.

கடலில் கைவிட்ட வலை செய்கிற கொலையைக் கண்மாயில் ஒரு முழ நரம்பு செய்கிறது. அதனால் நரம்பை எடுப்பதற்குத் தனியாக இரண்டு பேரை விடுகிறோம், அவர்கள் வேறெதையும் எடுக்க வேண்டாம். கையால் இழுக்காதீர்கள், விரலை அறுக்கும். கத்தரிக்கோலால் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி மூடி போட்ட டப்பாவில் போட வேண்டும். பறவை சிக்கியிருந்தால் தலையைத் துணியால் மூடினால் அடங்கிவிடும். பிறகு நரம்பை வெட்டுங்கள். ரத்தம் வந்தாலோ பறக்க முடியாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

மடையையும், கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழியும் மறுகாலையும் பார்ப்பதும் இந்த வேலையில் சேரும். மடை வாயில் பிளாஸ்டிக் அடைத்துக்கொண்டால் வயலுக்குத் தண்ணீர் போகாது. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் பாயும், அதன் மறுகால் அதற்கடுத்ததற்கு. மேல் கண்மாயில் விட்ட பை கீழ் ஊர்க்காரர் மடையில்தான் போய் நிற்கும்.

அள்ளிய குப்பை கடைசியில் எங்கே போகிறது?

இதைக் கேட்காமல் எந்தத் துப்புரவுக்கும் போகாதீர்கள். மலையில் கிடந்ததை ஊர் எல்லையில் கொட்டிவிட்டு வருவது துப்புரவு ஆகாது.

அங்கேயே நிழலில் தார்ப்பாய் விரித்துப் பிரிக்கிறோம். தண்ணீர் பாட்டில், கெட்டிப் பிளாஸ்டிக், தகரம், அட்டை எல்லாம் பழைய இரும்புக் கடைக்கு. அந்தக் காசு சாக்குக்கும் கையுறைக்கும் சரியாகப் போகிறது. ஷாம்பு, பான்மசாலா, சிப்ஸ் உறைகள்தான் தலைவலி. உள்ளே அலுமினியத் தாள் ஒட்டியிருப்பதால் கடைக்காரர் வாங்க மாட்டார். இவற்றை ஊராட்சியின் தூய்மைக் காவலர்களிடம், உலர்ந்த நிலையில், தனி மூட்டையாகக் கொடுக்கிறோம். மறுசுழற்சிக்கு ஆகாத இந்த மாதிரிப் பிளாஸ்டிக் சிமென்ட் ஆலைச் சூளைகளுக்கு எரிபொருளாகப் போவது உண்டு. ஈரமும் சோறும் கலந்திருந்தால் அதற்கும் ஆகாது. ஆகவே உதறிக் காயவைத்துக் கட்டுங்கள்.

எரிக்கலாமே என்று யாராவது ஒருவர் எப்போதும் சொல்வார். கூடாது. காய்ந்த புல்லும் சருகும் நிறைந்த மலையடி அது, ஒரு பொறி போதும். பிளாஸ்டிக் புகையை மூச்சில் இழுக்கப் போவது பக்கத்துக் காட்டில் களை பறிக்கிற பெண்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. தடை செய்யப்பட்ட பையும் தம்ளரும் எங்கள் தாளில் இன்னும் வருகின்றன. அவற்றைத் தனிப் பத்தியில் எழுதுகிறோம், கிராம சபையில் காட்ட அந்தப் பத்தி உதவுகிறது.

உடைந்த கண்ணாடி?

பெரியவர்கள் மட்டும், தோல் கையுறையும் இடுக்கியும் வைத்து, பெயிண்ட் வாளியில். சாக்கில் போட்டால் தூக்குகிறவர் முதுகைக் கிழிக்கும். ஆடு மாட்டுக் குளம்பில் சில்லு ஏறினால் அந்தக் குடும்பத்துக்கு அது பெரிய செலவு. மேய்ப்பவர்களும் பாதிப் பேர் வெறுங்காலோடுதான் நடக்கிறார்கள்.

காலி மது பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. காட்டில் யானை காலில் கண்ணாடி ஏறுவதைத் தடுக்கக் கொண்டு வந்தது அது. பாட்டிலுக்கு ஒரு விலை இருந்தால் யாரும் அதைப் பாறையில் அடித்து உடைக்க மாட்டார்கள் என்பதை எங்கள் வாளியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.

பாம்பு, தேனீ பயம் உண்டா?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். பாறையடியில் சுருட்டை விரியன் உண்டு. சின்னது, மண் நிறம், அசையாமல் கிடக்கும். கல்லையோ சாக்கையோ நேரே கையால் புரட்டாதீர்கள், கம்பால் உங்கள் பக்கம் தூக்கிப் பாருங்கள், அப்போது அது எதிர்ப்பக்கம் போகும். முழு ஷூ கட்டாயம், செருப்போடு வந்தால் குறிப்பெடுக்கும் வேலைதான் தருவோம்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்காதீர்கள். கடிபட்ட கை காலை ஆட்டாமல் கட்டைவைத்துக் கட்டி, 108க்கு அழைத்து, நேராக அரசு மருத்துவமனை. விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒன்றுதான். பாம்பைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டியதில்லை. அந்த நேரத்தை மருத்துவமனைக்குப் போவதில் செலவழியுங்கள்.

செங்குத்துப் பாறையில் மலைத்தேனீ அடை தொங்கும். சென்ட் போடாதீர்கள், புகைக்காதீர்கள், கத்தாதீர்கள். கலைந்துவிட்டால் சாக்கையெல்லாம் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள்.

வெயில்தான் உண்மையான எதிரி. காலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுவோம். அக்னி நட்சத்திர நாட்களில் வேலையே இல்லை. அப்போது ஒரே ஒருவர் போய்ச் சுனை அளவை மட்டும் குறித்து வருவார்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா?

தாராளமாக. பெற்றோர் கூடவே இருக்க வேண்டும், பாறை ஏறக் கூடாது. எண்ணுவதில் பெரியவர்களைவிடப் பிள்ளைகள் நேர்மை. ஒரு மூடி விட்டுப்போனால்கூட "அண்ணே, இன்னொண்ணு" என்று கூப்பிட்டுத் திருத்துவார்கள்.

ஊர்க்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதலில் யாரும் நம்பவில்லை. அதில் தப்பே இல்லை. வெளியூர்க்காரன் படம் எடுத்துக்கொண்டு போவதை அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்களிடம் போய் உட்கார்ந்து பேசினோம். எங்கே போகலாம், எங்கே போகக் கூடாது, எந்தக் கோயில் எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று அவர்கள் சொன்னதுதான் எங்கள் விதி. ஊராட்சிக்கும் சொல்லிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வருகிறோம்.

சுனை அளவு எழுதும் பழக்கமே ஒரு அப்பத்தா கொடுத்தது. "குப்பையப் பாத்தது போதும்ப்பா, சித்திரையில தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்து எழுதி வையி. எங்களுக்கு அதுதான் வேணும்" என்றார். அவர் சின்னப் பிள்ளையில் எந்தக் கல் வரைக்கும் தண்ணீர் நிற்கும் என்று காட்டிய கல்லிலிருந்துதான் எங்கள் கம்பு அளவு தொடங்குகிறது.

டங்ஸ்டன் போராட்டத்துக்கும் உங்களுக்கும் தொடர்பு உண்டா?

அது இந்த ஊர்களின் போராட்டம். இந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டது 2024 நவம்பரில் வெளியே தெரிந்தது. சுற்றுவட்டார ஊர்கள் மொத்தமும் எழுந்தன. டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. எங்களில் பலர் அந்த நாட்களில் ஊர்க்காரர்களோடு நின்றோம், அது அவரவர் விருப்பத்தில். துப்புரவு நாளில் எந்தக் கட்சிக் கொடியும் கிடையாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று முன்பே பொறுமையாக எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். பறவை பார்க்கிறவர்கள், கல்வெட்டு படிக்கிறவர்கள், ஊரின் இளைஞர்கள். அந்தப் பட்டியல்கள் இருந்ததால்தான் 2022இல் பாரம்பரியத் தலம் என்ற பெயர் வந்தது. அந்தப் பெயர் இருந்ததால் 2024இல் ஊர்க்காரர்கள் கையில் காட்ட ஒரு காகிதம் இருந்தது. நான் நோட்டு நோட்டு என்று பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

நிறுவன ஊழியர்கள் ஐம்பது பேர் ஒரே நாளில் வரலாமா?

வேண்டாம். பத்துப் பதினைந்து பேருக்கு மேல் அந்தப் பாறை தாங்காது, சுனையும் தாங்காது. ஐந்து ஐந்து பேராகப் பத்து மாதம் வாருங்கள், கொண்டாடுவோம். பேனர், ஒரே நிற டி-சர்ட், டப்பாச் சாப்பாடு வேண்டாம்.

எப்படி வருவது, என்ன கொண்டு வருவது?

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்ப் பேருந்துகள் விடியற்காலையிலேயே உண்டு. மேலூரிலிருந்து பைக்கில் ஏற்றிக்கொள்வோம். மதுரையிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர்தான், நேராக வண்டியிலும் வரலாம். முழுக்கைச் சட்டை, ஷூ, தொப்பி அல்லது துண்டு, இரண்டு லிட்டர் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். வீட்டில் கிடக்கும் உரச் சாக்கு இருந்தால் இரண்டு கொண்டு வாருங்கள், புதுக் குப்பைப் பை வாங்க வேண்டாம். வேலை முடித்த பின் காலைச் சாப்பாடு ஊர்க் கடையில்தான், வாழை இலையில் இட்லி.

எங்கள் ஊரிலும் இதைத் தொடங்கலாமா?

தொடங்குங்கள். வைகைக் கரை, வண்டியூர்க் கண்மாய், கீழக்குயில்குடி மலையடி எங்கே வேண்டுமானாலும். ஒரு இடத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ளுங்கள், இருநூறு மீட்டர் போதும். ஊர்க்காரரிடம் கேளுங்கள். முதல் மாதம் ஒன்றும் எடுக்காமல் எண்ணி மட்டும் எழுதுங்கள், அது கடினம், கை துடிக்கும். ஆனால் அந்த முதல் எண் இல்லாவிட்டால் பின்னால் எதையும் ஒப்பிட முடியாது. எங்களிடம் அந்த முதல் எண் இல்லை, அதை நினைத்து இன்றைக்கும் வருந்துகிறேன்.

என்னால் ஒரே ஒரு ஞாயிறுதான் வர முடியும். வருவதில் அர்த்தம் உண்டா?

உண்டு. அந்த மாதத்து வரியை நீங்கள் எழுதுவீர்கள். தேதி, நேரம், மேகமா வெயிலா, சுனையில் எத்தனை சென்டிமீட்டர், எந்தப் பகுதியில் எத்தனை பாட்டில், என்ன பறவை. எங்கள் நோட்டில் விட்டுப்போன மாதங்கள் இரண்டு இருக்கின்றன, ஆள் இல்லாததால் விட்டது. அவற்றை இனி யாராலும் நிரப்ப முடியாது. நோட்டு ஊர் முக்கில் இருக்கும் டீக்கடையில், சர்க்கரை டின்னுக்கு மேல் தட்டில் இருக்கும். நாங்கள் யாரும் வராத நாளில் வந்தால்கூட கடை அண்ணனிடம் கேட்டு வாங்கி, மூங்கில் கம்பையும் எடுத்துக்கொண்டு போய் அளவைக் குறித்துவிட்டு, திரும்ப அதே தட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.